அப்பா படிப்பார், சமைப்பது யார்?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மன்னார்குடியில் அம்மாவுடன் இருக்கிறார். பல வருடமாகச் சர்க்கரை. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 8.9. “சாதத்தைக் குறையுங்கள், மாவுச்சத்தைப் பாதியாக்குங்கள்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படி என்று விளக்க அவருக்கு நேரமில்லை. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களை அப்பா திறப்பதே இல்லை. அச்சில் இருந்தால்தான் நம்புவார். லண்டனில் இருக்கும் அண்ணன் ஒரு ஆங்கிலப் புத்தகம் அனுப்பினான். அது ஷோகேஸில் இருக்கிறது. போன வருடம் அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். க்ளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். வயதானவர்களுக்குப் புரிகிற மாதிரி எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?
- வாசகி, பெங்களூரு

பதில்: ஒரு புத்தகத்தின் பெயரை எதிர்பார்க்கிறீர்கள். சொல்லப்போவதில்லை. கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் எது ஆகும், எது ஆகாது என்று பார்க்கிற வழியைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் அப்பாவின் வயது, வேலை, மாத்திரை, கண் எல்லாம் இருக்கிறது. அம்மா “அம்மாவுடன்” என்ற ஒரே சொல்லில் வந்து போகிறார். அந்த வீட்டில் சமைப்பது யார்?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. என்னிடம் வருகிற தம்பதிகளில் பல அப்பாக்கள் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டு வருவார்கள். இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் “நேத்து ராத்திரி என்ன பண்ணீங்க?” என்று கேட்டால், “எப்பவும் போல தோசைதான்” என்பார். புத்தகம் ஹாலைத் தாண்டி அடுக்களைக்குள் போகவே இல்லை. ஆகவே புத்தகத்தை அப்பா பெயரில் வாங்குங்கள், ஆனால் அம்மாவின் கண்ணால் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? முதலில் மதியச் சாப்பாட்டுப் பக்கத்தைத் திறங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் மதியம் சாதம் மூன்று தடவை விழும்: சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் 150 கிராம் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒன்றும் பெரிய கணக்கில்லை, நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு இதற்கு மேலேயே போகும். வெந்த சோற்றில் நூறு கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மூன்று ரவுண்டும் சேர்ந்தால் 125 கிராமைத் தொடும். ஒரு நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் பொதுவாக அதைக் ‘குறைந்த மாவுச்சத்து உணவு’ என்கிறார்கள். உங்கள் அப்பா ஒரு வேளையிலேயே அங்கே போய் நிற்கிறார். காலையில் சாப்பிட்ட நாலு இட்லியின் 35, 40 கிராம் தனி.

நல்ல புத்தகம் இந்த மூன்று சோற்றைத் தெரிந்து வைத்திருக்கும். ‘ரசத்தை டம்ளரில் குடியுங்கள், அந்தச் சோறு மிச்சம். சாம்பாரில் காயை இரண்டு மடங்காக்குங்கள். சோறு வேண்டும் என்றால் ஒரே ஒரு முறை, மோருக்கா சாம்பாருக்கா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்கிற அளவுக்கு இறங்கிப் பேசும். அம்மா அதற்காகத் தனியாக எதையும் அரைக்க வேண்டாம், தனி அடுப்பு மூட்ட வேண்டாம். அந்த இடத்தில் வேறு புத்தகம் பாதாம் மாவில் ரொட்டி, காலிஃபிளவர் பீட்சா என்று போகும். பாதாம் மாவு மன்னார்குடியில் கிடைத்தாலும் விலையைக் கேட்டதும் அம்மா அந்தப் பக்கத்தை மூடிவிடுவார். மூடியது சரிதான் என்பது என் கட்சி.

அடுத்து, மாத்திரைப் பக்கம். இதில் கறாராக இருங்கள். புத்தகத்தில் இந்தப் பக்கமே இல்லையென்றால், மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். அப்பா போடுகிற க்ளிமிபிரைடு, அவர் சோறு சாப்பிட்டாரா இல்லையா என்று பார்த்து வேலை செய்யாது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். பழைய அளவு மாத்திரை, பாதி அளவு சோறு என்றால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். வியர்க்கும், கை நடுங்கும், சிலருக்குப் பேச்சே குழறும். வயதானவர்களுக்கு இதிலேயே கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிற மாத்திரைகள் இன்னொரு வகை. காப்புரிமை முடிந்து, முன்னது 2020-இலும் பின்னது 2025-இலும் விலை இறங்கியதால் இப்போது சின்ன ஊர் மருந்துக்கடையிலும் தாராளமாக ஓடுகின்றன. இவற்றைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி ஆபத்தாகலாம். மீட்டரில் சர்க்கரை ரொம்ப ஏறியிருக்காது, அதனால் வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் வாந்தியும் மூச்சிரைப்பும் இருக்கும். அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை. அப்பாவின் சீட்டில் இந்தப் பெயர்கள் இல்லை, நல்லது. அம்மாவுக்கு பிரஷர் இருந்தால் அவர் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள், ஏனென்றால் ஒரே சமையலை இரண்டு பேரும்தான் சாப்பிடப் போகிறார்கள். மாவுச்சத்து குறைந்த முதல் சில நாட்களில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் கூடுதலாக வெளியேறும். பிரஷர் மாத்திரை பழைய அளவிலேயே இருந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். சிறுநீரகப் பரிசோதனையில் வரும் கிரியாட்டினின் ஏறியிருந்தால் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்டாக வேண்டும். இத்தனையையும் புத்தகம் விலாவாரியாக எழுத வேண்டாம். ‘இந்த மாத்திரைக்காரர்கள் ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்’ என்று பெயர் போட்டு, முன்பக்கங்களிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைசி அட்டைக்கு உள்பக்கம் பொடி எழுத்தில் ‘மருத்துவர் ஆலோசனை பெறவும்’ என்று ஒரு வரி போட்டால் அது வாசகரைக் காப்பாற்றாது, பதிப்பகத்தைத்தான் காப்பாற்றும்.

சிறுதானியப் பக்கத்தையும் ஒரு புரட்டுப் புரட்டுங்கள். நம் புத்தகக் கடைகளில் சிறுதானியமும் ‘கார்ப் குறைப்பும்’ ஒரே அலமாரியில்தான் இருக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி நூறு கிராம் பச்சரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையிலும் வரகிலும் கேழ்வரகிலும் 65, 67 கிராம் இருக்கிறது. நார்ச்சத்து அதிகம், நல்ல தானியம், மறுக்கவில்லை. ஆனால் அரிசிச் சோற்றை எடுத்துவிட்டு அதே அளவு வரகுச் சோற்றைப் போட்டால் தட்டு அப்படியேதான் இருக்கிறது. ‘சிறுதானியம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்றோ, ‘வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, தேன் தாராளமாக’ என்றோ எழுதியிருந்தால், எழுதியவருக்குக் கணக்குத் தெரியவில்லை. வேறு கடைக்குப் போங்கள்.

அட்டையில் ‘ஒரே மாதத்தில் பத்து கிலோ’ என்று போட்டிருந்தால் திறக்கவே வேண்டாம். 72 வயதில் வேகமாக எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போய்விடும். அப்புறம் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. பெரியவர்களுக்கான புத்தகத்தில் முட்டை, மீன், தயிர், பனீர் பற்றிய பேச்சு எடைக் குறைப்புப் பேச்சைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

அச்சு. தமிழ்ப் புத்தகங்கள் வழக்கமாக 11, 12 புள்ளி எழுத்தில் வருகின்றன. பெரிய எழுத்துப் பதிப்பு என்றால் 16-லிருந்து 18 புள்ளி இருக்க வேண்டும். தமிழில் சமையல், உடல்நலப் புத்தகங்கள் அந்த அளவில் கிடைப்பது அபூர்வம். கிடைப்பதில் தெளிவானதை எடுங்கள். பளபளக்கிற ஆர்ட் பேப்பர் வேண்டாம். டியூப் லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும், புரை எடுத்த கண்ணுக்கு அது பெரிய தொல்லை. ரோஸ் நிறப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்தில் அளவுகளைப் போடுகிற வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிய வேண்டியது அந்த அளவுதான், அதைத்தான் மங்கலாகப் போடுவார்கள்! அப்பாவைக் கடைக்கே கூட்டிப்போக முடிந்தால், அவர் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு அந்தப் பெட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறினால் முடிவு தெரிந்துவிட்டது.

வாங்கிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகம் அடுக்களை மேடையில் திறந்து நிற்காது, தானாக மூடிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து முதுகை வெட்டி ஸ்பைரல் போட்டுவிடுங்கள். அம்மா ஈரக் கையோடு ஒரு விரலால் பக்கம் தள்ள முடிய வேண்டும். தினமும் பார்க்கிற காலை, மதியப் பக்கங்களை மட்டும் ஏ3 தாளில் பெரிதாக்கி மசாலா அலமாரிக் கதவில் ஒட்டினால் இன்னும் நல்லது. புத்தகத்தின் மீதிப் பக்கங்கள் அப்பாவுக்கு.

அண்ணன் அனுப்பியதைப் பற்றி. அவன் நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பான். ஆனால் பிரிட்டிஷ் புத்தகங்களில் ரத்தச் சர்க்கரை மில்லிமோல் கணக்கில் இருக்கும். அங்கே 7.8 என்றால் நம் ரிப்போர்ட்டில் 140. பதினெட்டால் பெருக்க வேண்டும். எச்பிஏ1சியும் அப்படித்தான், அப்பாவின் 8.9-ஐ அங்கே 74 என்று எழுதுவார்கள். மன்னார்குடி லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கிறவர் ஒன்று பயந்து போவார், இல்லாவிட்டால் தனக்குச் சர்க்கரையே இல்லை என்று முடிவு கட்டுவார். ஷோகேஸிலேயே இருக்கட்டும்.

ஒரு பழைய கதை சொல்ல ஆசை. மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைந்ததை முதன்முதலில் ஊரறிய எழுதியவர்களில் ஒருவர் லண்டனில் சவ அடக்கம் நடத்திக்கொடுக்கும் தொழில் செய்த வில்லியம் பேண்டிங். அறுபதைத் தாண்டியவர். குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். காது மந்தமாகிவிட்டது என்று போனபோது வில்லியம் ஹார்வி என்கிற காது வைத்தியர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீரை நிறுத்தச் சொன்னார். இருபது கிலோவுக்கு மேல் இறங்கியது. 1863-இல் பேண்டிங் அதை ஒரு சின்னப் பிரசுரமாக அடித்து முதலில் இலவசமாகவே கொடுத்தார். காலையில் இது, மதியம் இது, மாலையில் இது என்று தான் சாப்பிட்டதை அப்படியே எழுதிவைத்தார். விஞ்ஞானம் அதில் சொற்பம். ஆனால் படித்தவர்கள் மறுநாளே அடுக்களைக்குப் போக முடிந்தது. அந்தப் பட்டியலை இப்போது யாரும் பின்பற்ற வேண்டாம், ஒயினே தாராளமாக ஓடும். பெரியவர்களுக்கு எழுதுவது எப்படி என்பதற்கு அது இன்றைக்கும் நல்ல அளவுகோல்.

சரி, எப்படிக் கொடுப்பது? “படிச்சுப் பாருங்கப்பா, எவ்வளவு கெடுதல் பண்ணிக்கிறீங்கன்னு தெரியும்” என்று நீட்டினால் அண்ணன் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இதற்கும் இடம் கிடைக்கும். தமிழாசிரியர் அல்லவா, ஒரு சிவப்புப் பேனாவையும் சேர்த்துக் கொடுங்கள். பிழை திருத்தச் சொல்லுங்கள், நம் வீட்டுக்கு ஒத்து வராததை அடிக்கச் சொல்லுங்கள். அடித்தது போக மீதி இருப்பதை அம்மா செய்து பார்க்கட்டும். ஆரம்பிக்கும் முன் மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் போவது உங்கள் பொறுப்பு. பெங்களூரிலிருந்து போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொடுங்கள், போதும்.

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 80 வயது, எழுதப் படிக்கத் தெரியாது. நானும் என் மனைவியும் பனியன் கம்பெனியில் ஷிப்ட். ஆத்தாவுக்குப் புரிகிற மாதிரி படம் போட்ட புத்தகம் ஏதாவது உண்டா?
- வாசகர், திருப்பூர்

பதில்: படம் நல்ல யோசனை. இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்கிற ஊரில் டேவிட் அன்வின் என்று ஒரு டாக்டர், கிராம் கணக்கெல்லாம் நோயாளிகளுக்கு ஏறவில்லை என்று, ஒவ்வொரு உணவும் எத்தனை டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமமாக ரத்தத்தில் ஏறும் என்று படமாகப் போட்டார். 150 கிராம் பாஸ்மதி சோற்றுக்குப் பத்து டீஸ்பூன். உங்கள் வீட்டிலும் செய்யலாம்: ஆத்தா சாப்பிடும் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பத்து ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டிக் காட்டுங்கள். புத்தகம் தேவையில்லை.

ஆனால் அதைச் செய்வதற்கு முன்னால் ஆத்தாவின் உடம்பைப் பாருங்கள். 80 வயதில் ஏற்கெனவே மெலிந்திருக்கிறார், ரவிக்கை தொளதொளக்கிறது என்றால் சோற்றைப் பிடுங்குகிற வேலையே வேண்டாம். நீங்கள் ஷிப்டுக்குப் போன பிறகு டீயும் பொறையும்தான் மதியச் சாப்பாடு என்று ஓட்டுகிறாரா என்று பாருங்கள். நிறைய வீடுகளில் நடப்பது இதுதான். அந்தப் பொறைக்குப் பதிலாக இரண்டு வேகவைத்த முட்டையை உரித்து, உப்பு மிளகு போட்டு மூடி வைத்துவிட்டுப் போனால் அதுவே பாதி வைத்தியம். பல் இல்லாவிட்டால் தயிரும் மசித்த கீரையும்.

கேள்வி: மாமிக்கு 76 வயது, யாழ்ப்பாணத்தில இருந்து வந்து எங்களோட இருக்கிறா. சீனி வருத்தம். காலமை பாண், மத்தியானம் சோறு, இரவிலே பிட்டு இல்லாட்டி இடியப்பம். தமிழ்நாட்டுப் புத்தகம் வாங்கிக் குடுத்தன், இட்லி தோசைதான் இருக்கு எண்டு வைச்சிட்டா. என்ன செய்யலாம்?
- வாசகி, டொரொண்டோ

பதில்: மாமி சொன்னது நியாயம். அந்தப் புத்தகம் அவர் தட்டைப் பார்த்து எழுதப்படவில்லை. உங்களுக்கு இரண்டு வசதி இருக்கிறது. ஒன்று, டொரொண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு, பெரிய எழுத்து ஆங்கிலப் புத்தகங்களும் உண்டு. எடுத்துவந்து மாமியிடம் காட்டிப் பிடித்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டு, கனடாவிலும் மில்லிமோல் கணக்குதான். முதல் கேள்வியில் மன்னார்குடிக்கு ஆகாது என்று நான் தள்ளிய பிரிட்டிஷ் புத்தகம் உங்கள் வீட்டு மீட்டருக்குச் சரியாகப் பொருந்தும்.

பாணை (ரொட்டியை) முதலில் கவனியுங்கள். காலையில் முட்டை அவித்தோ பொரித்தோ கொடுத்து ஒரு துண்டோடு நிறுத்தலாம். பிட்டை நிறுத்தச் சொன்னால் மாமி உங்களை விட்டுவைக்க மாட்டார். மாவைக் குறைத்துத் தேங்காய்ப்பூவைக் கூட்டச் சொல்லுங்கள். முருங்கையிலை போட்ட கீரைப்பிட்டு என்றால் மாவு இன்னும் குறையும். கூடவே மீன் குழம்பில் மீன் துண்டு இரண்டாகட்டும். குரக்கன் (கேழ்வரகு) பிட்டும் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவும் ‘சீனிக்கு நல்லது’ என்று அளவில்லாமல் போக விடாதீர்கள், அவையும் மாவுதான். மாமி சமைக்கிறவர் என்றால் அவர் வாயால் சொல்வதை நீங்கள் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடையில் இல்லாத புத்தகம் வீட்டிலேயே தயாராகிவிடும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கறி, முட்டை. மாமனாருக்கு எதைக் கொடுப்பது?
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ‘சைவர்களுக்கும்’ என்று அட்டையில் இருப்பதை நம்பாமல், உள்ளே சைவக் காலை உணவு எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோ என்றால் மூன்றாம் நாள் மாமனார் இட்லிக்குத் திரும்பிவிடுவார். பனீர், கெட்டித் தயிர், வேர்க்கடலை, தேங்காய், சோயா, கீரை, வாழைத்தண்டு என்று பக்கம் பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். பருப்பை வெறும் புரதம் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் உஷார்: துவரம்பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். சாம்பாரில் கரைந்து வருகிற அளவுக்குப் பரவாயில்லை, தனிக் கூட்டாகக் கிண்ணம் நிறைய என்றால் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். மாமனார் மறுக்க மாட்டார், அங்கிருந்தே தொடங்குங்கள்.